நான் தின்ற தனலட்சுமியின் பன்

2006 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். நாட்குறிப்பில் தேதி போட்டேன். போர்வையை நான்காக மடித்து வைத்தேன். அன்று சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் கூட்டம். தருமபுரத்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி எட்டு. என் காலை உணவு ஏழேகாலுக்கு. நேரம் தவறினால் சாப்பாடு கிடையாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். (மீறினால் யார் வந்து கைது செய்வார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.)

"ரெண்டு இட்லியாவது வாயில போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு," என்றேன். அப்போதெல்லாம் நான் அப்படித்தான் பேசுவேன்.

அன்று பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி நன்றாகச் சொல்லிக்கொடுப்பது அல்ல. தேறாது என்று தோன்றும் பிள்ளையைக் கழற்றிவிட்டுத் தனித்தேர்வராக எழுதச் சொல்வது. கணக்கு வாத்தியாரான நான் அந்த வருஷம் கழற்றத் தேர்ந்தெடுத்தது தனலட்சுமியை. முதல் பாடவேளையில் தினமும் தூங்குவாள். விடியுமுன் அம்மாவோடு போய் மீன் கூடை சுமந்துவிட்டு வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சோம்பல் என்றே வகைப்படுத்தி வைத்திருந்தேன்.

அவளைக் கழற்றுவதை மேடையில் அறிவிக்கும் பெருமையும் எனக்கே. சிறப்பு விருந்தினரான அதிகாரி வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. பந்தலுக்குள் வெயில். மைக்கைப் பிடித்தேன்.

"பசி, வறுமை எல்லாம் படிப்புக்குத் தடையே அல்ல. வெறும் சாக்கு. மன உறுதி இருந்தால் வெறும் வயிறு ஒரு பொருட்டா? இதற்கு உதாரணமாக..."

உதாரணமாக நானே விழுந்தேன். மைக்கும் கூட வந்தது.

கண் திறந்தபோது தனலட்சுமியின் அம்மா என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். காலையில் சாப்பிடவில்லை என்று முனகினேன். உடனே ஒரு பன்னைப் பிய்த்து ஊட்டினார். வெட்கங்கெட்ட வாய் மென்றது. முழுப் பன்னும் உள்ளே போன பிறகுதான் கேட்கத் தோன்றியது: "இது யாருக்கு வாங்குனதும்மா?"

"பாப்பாவுக்குத்தான் சார். காலைல ஒண்ணும் தின்னாம வந்துருச்சு."

பாப்பா கணக்கு நோட்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "தண்ணி குடிங்க சார், விக்கிக்கப்போவுது."

"ஒரு வேளைக்கே இப்படிச் சாஞ்சிட்டீங்களே," என்றார் அம்மா. "எம்பொண்ணு தெனமும் இப்படித்தான் வருது. அது விழல சார். தூங்குது, அவ்வளவுதான்."

பந்தலே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. முந்திரிப் பருப்பு தின்றுகொண்டிருந்தார்.

நான் யாருக்காவது புத்தி சொல்லத் தொடங்கினால் இன்றும் மனைவி கேட்பாள்: "பன்னு வாங்கியாரச் சொல்லவா?" மகள் கல்யாணத்தில் சம்பந்தி முன்னாலேயே கேட்டாள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை முதல் வேலையாக, ஏழேகாலுக்குக் காத்திராமல் நான்கு இட்லியை முடித்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனேன். தனலட்சுமி பள்ளி மாணவியாகவே எழுதட்டும் என்றேன்.

"அப்ப நம்ம நூறு சதவீதம்?"

"அது நேத்தே மேடையில விழுந்துருச்சு சார்."