மாமனாரின் விருந்தாளிகள்

உலகத்தில் எத்தனையோ ஜெயில் வார்டர்கள் இருந்திருப்பார்கள். உள்ளே இருப்பவனிடம் உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு, அவன் தலையாட்டிய பிறகே தன் வட்டிலில் கை வைத்த வார்டர் இந்தப் பூமியில் எங்கள் மாமனார் ஒருவர்தான்.

ஜெயிலை மாமியார் வீடு என்பார்கள் அல்லவா? அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மாமனார். சித்தேரி மலை தெரிகிற ஒரு சின்னத் தாலுகா ஊர் அது. நான் கோர்ட்டில் குமாஸ்தா; அடுத்த கட்டடம் சப் ஜெயில். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் உறவு ஒன்றும் அவருக்கு மிச்சமில்லை. மனைவி பிளேக்கில் போய்விட்டாள், பிள்ளையும் கிடையாது.

மாஜிஸ்திரேட் வாயால் தண்டனை வரும்வரை உள்ளே இருப்பவர் விருந்தாளி. இதுதான் மாமனாரின் சட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டில், இந்தப் பக்கம் ஒரு வட்டில். இரண்டிலும் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். இதைப் பார்த்தாலே இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாலு போடு போட்டா உண்மை தானா வருதுய்யா. நீ என்னடான்னா களி கிண்டிப் போடறே!"

"நாலு போடு போட்டா எல்லாருக்குமே வருதுங்க. அதாங்க கஷ்டமா கெடக்குது."

ஒருமுறை ஆடு திருடிய வழக்கில் வந்த விருந்தாளி, சாட்சி இல்லாமல் விடுதலையானான். அவனோடு மாமனாரின் பித்தளைச் செம்பும் விடுதலையானது. இன்ஸ்பெக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆற அமரச் சிரித்தார்.

"இப்ப என்னய்யா சொல்றே?"

"அவரு எடுத்தத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"நானும் பாக்கலீங்க."

அதற்குப் பிறகு மாமனார் தகரக் குவளையில்தான் தண்ணீர் குடித்தார்.

போலீசுக்கு அவர்மேல் இருந்த கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒருவனைப் போலீஸ் கொண்டுவந்தால், மாஜிஸ்திரேட் உடனே எழுதிக்கொள்ள மாட்டார். போலீஸ் கண்ணில் படாமல் ஒரு நாள் யோசித்துவிட்டு வரட்டும் என்று சப் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார். அங்கே மாமனார் புத்தி ஒன்றும் சொல்வதில்லை. சோறு போடுவார், தூங்க விடுவார், அவ்வளவுதான். வயிறு நிறைந்து தூங்கி எழுந்தவர்களில் பாதிப்பேர், மறுநாள் "நான் எடுக்கலீங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

களியில் ஏதோ மருந்து இருக்கிறது என்றே இன்ஸ்பெக்டர் நம்பினார். சோதித்துப் பார்க்க ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். அவர் மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு அங்கேயே சாயங்காலம்வரை தூங்கினார். மாமனார்தான் கைதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று புகார் மேலே போயிற்று. மாஜிஸ்திரேட் மாமனாரைக் கூப்பிட்டு, கைதி விஷயத்தில் இனி எங்கேயாவது வாயைத் திறந்தால் இந்த ஊரில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

மாமனார் வாயை மூடிக்கொண்டார். விருந்தாளிகளையும் விட்டால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேறு ஆள் ஏது?

அப்போதுதான் சித்தேரிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தேன் விற்க மலையிலிருந்து இறங்கியவர். அன்றைக்குப் பார்த்து ஒரு மண்டிக்காரர் வீட்டில் நகை போயிருந்தது. ஊருக்குப் புது ஆள், பேசத் தெரியாதவர். இதைவிடப் போலீசுக்கு என்ன வேண்டும்? நாலு போடு போட்டு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள்; மாஜிஸ்திரேட் வழக்கம்போல் ஒரு நாள் யோசிக்க அனுப்பியிருந்தார். நான் கோர்ட் முடிந்து ஜெயில் பக்கம் போனபோது இரண்டு வட்டிலிலும் களி போட்டாயிற்று.

"உப்பு போதுங்களா?" என்றார் மாமனார்.

"ஆமாங்க சாமி, நாந்தாங்க."

"களி நல்லா வெந்துதுங்களா?"

"ஆமாங்க சாமி, நாந்தாங்க."

மாமனாரின் கை வட்டிலிலேயே நின்றது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. "இந்த மழையப் பேய வச்சது நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க சாமி, நாந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் சிரிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முறைப்படி கேட்டார். "உன்னை யாரும் அடிக்கலையே? உன் இஷ்டப்படிதானே சொல்றே?"

"ஆமாங்க சாமி, நாந்தாங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். நான் கதவோரம் நின்ற மாமனாரைப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும், எதிர் வட்டிலுக்கும் ஆள் வந்துகொண்டிருக்கும். அவர் ஓரடி முன்னால் வந்தார்.

"எசமான்! நேத்து மழையப் பேய வச்சது ஆருன்னு அவரை ஒரு வார்த்த கேட்டுடுங்க!"

மாஜிஸ்திரேட் முகம் சிவந்தது. ஆனாலும் கேட்டார். அதே பதில் வந்தது. கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடி வைக்கவும் சிரிப்பு அடங்கிப் போயிற்று. வாக்குமூலத்தை அவர் எழுதிக்கொள்ளவில்லை. வேறு சாட்சி இல்லாததால் சித்தேரிக்காரர் மலையேறினார்.

மாமனாருக்கும் உத்தரவு வந்தது. தருமபுரியில் ஒரு ரிக்கார்டு அறைக்குக் காவல். "காயிதத்துக்கு உப்பு போதுமான்னு எப்படிங்க தம்பி கேக்கறது?" என்று என்னிடம் கேட்டார்.

அறுப்பு முடிந்த சமயம், சப் ஜெயில் வாசலில் புது வார்டர், மூட்டையோடு வந்த ஒருவரை விரட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். பிறகு பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய அடுத்த பஸ்ஸில் ஏறித் தருமபுரி போய், மாமனாரின் அறையில் ஒரு சாமை மூட்டையை இறக்கினேன்.

"ஆரு குடுத்தாங்க தம்பி?"

"சித்தேரிக்காரர். மாமனாரப் பாக்க வந்தது நீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஆமாங்க சாமி, நாந்தாங்கன்னாரு."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே அடுப்புப் பக்கம் திரும்பியவர் வெகுநேரம் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு சாமைச் சோறு ஆக்கி, மூலையில் தூசி படிந்து கிடந்த இரண்டாவது வட்டிலைக் கழுவி என் முன்னால் வைத்தார்.

"உப்பு போதுங்களா?"

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் போயிருந்தேன். அதைச் சொல்ல மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.