அந்த ரப்பர் பந்தை நான் அமுக்கவே இல்லை

என் அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய், ஆனால் வேளைக்குச் சாப்பிட மாட்டாய். இரண்டும் எனக்குத் தெரியும். நிற்க. நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான்.

உன் அம்மா மூன்று வாரமாகத் தலைவலி என்றபோதே, "இது சாதாரண வலி இல்லம்மா, உள்ள எங்கயோ டியூப் வீங்கியிருக்கு" என்றேன். முப்பது வருஷமாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? "உனக்கு எதப் பாத்தாலும் டயர்தாண்ணே" என்று சிரித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "உங்க அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த உன் தாத்தா எழுந்திருக்கவே இல்லை என்று அவள்தான் சொன்னாள். நான் சட்டைப்பையிலிருந்த வால்வு மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் அறையில் அவள் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றினார்கள், ரத்தக்குழாய் படத்தில் பளிச்சென்று தெரியுமாம், உடம்பெல்லாம் சூடு பரவுமாம், வெளியே வந்ததும் என் காதில், "அண்ணே, சேலைய நனைச்சிட்டேனோன்னு பயந்தே போயிட்டேன்" என்றாள், அதை நான் ரகசியமாகத்தான் வைத்திருக்கிறேன், அங்கே காத்திருந்த ஆறு பேரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ரத்தக்குழாய்களை இலையுதிர்ந்த மரம் மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டினார். "இதோ வீக்கம்!" என்று முதலில் விரல் வைத்தவன் நான்தான். "சார், அது திரையில ஒட்டியிருக்கிற தூசி" என்றார். அதையும் துடைத்துக் கொடுத்தேன். அப்புறம்தான், ஒரு கிளை பிரியும் இடத்தில், பாதி மிளகு அளவுக்கு, நிஜ வீக்கம் தெரிந்தது.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். பிரஷர் மட்டும் ஏறவே கூடாது, கவலைப்படவும் விடாதீங்க. ஆறு மாசத்துல மறுபடி படம் எடுப்போம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அப்பாவுக்கும் அப்படி, தங்கச்சிக்கும் இப்படி. கூடப் பிறந்த நீங்களும் எடுத்துடணும்."

நான் பின்வாங்குகிற ஆளா? சட்டைப்பையிலிருந்த ஐந்து பித்தளை வால்வு மூடிகளையும் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். அந்த எம்.ஆர்.ஐ. மெஷின் லாரி டயர்களை வரிசையாக அடுக்கிய குகை. முடியாவிட்டால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்கள். அரைமணி நேரம் காதருகே சம்மட்டி அடி, நான் குறட்டை! பந்தை அமுக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ரிசல்ட்? புது டியூப், ஒரு கீறல் இல்லை! அதைச் சொன்ன பிறகுதான் உன் அம்மா முகத்தில் ரத்தமே ஓடியது.

உன் வண்டியில் காற்றும் உன் நெஞ்சில் தைரியமும் என்றும் குறையாதிருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா

பின்குறிப்பு: எல்லாம் உண்மை, என் ஸ்கேன் மட்டும் பொய். தலை உள்ளே போவதற்கு முன்பே பந்தை அமுக்கிவிட்டேன். "சார், நான் இன்னும் மெஷினையே ஆரம்பிக்கலையே" என்றார் படம் எடுப்பவர். கண்ணை மூடினால் அப்பாவின் நாற்காலிதான் தெரிகிறது. உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, அவளுக்குப் பிரஷர் ஏறக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு ஒருவர் உள்ளே நின்று காலைப் பிடித்துக்கொள்ளலாமாம். கட்டைவிரலைப் பிடித்தாலே போதும். என் மருமகள் வருவாள் என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன்.