ஐந்து குதிரைகளும் ஆக்னஸ் ஆன்ட்டியும்

நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைச் செய்தது ஆகிய இரண்டுக்கும் பிறகு மனிதகுலம் எடுத்துவைத்த மூன்றாவது பெரிய அடி, பாரிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு முன்னால் எடுத்துவைக்கப்பட்டது. எடுத்துவைத்தவர் ஜெகதீஷ். திருச்சிக்காரர். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பிராஜெக்ட் மேனேஜர். அதாவது, வேலையைச் செய்யாமல் வேலை நடக்கிறதா என்று கேட்கும் அரிய கலையில் தேர்ந்தவர்.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அந்தக் குடியிருப்பில் அதில் ஏறாதவர்கள் குறைவு. இரண்டாவது மாடிப் பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனது அதுதான். ஹால் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பிள்ளையைத் துரத்திக்கொண்டு பூந்தமல்லி வரை ஓடியதும் அதுதான். ஒரே குறை, இத்தனையையும் அது சத்தமில்லாமல் செய்துவந்தது. இந்தக் காலத்தில் சத்தமில்லாமல் நல்லது செய்கிறவர்களை யார் மதிக்கிறார்கள்?

ஆகவே ஜெகதீஷ் இணையத்தில் ஒரு 'ஹெட்டர்' வாங்கினார். எஞ்சினில் எரிந்த புகை வெளியேற, கார் செய்தவர்கள் ஒரு வார்ப்பிரும்புக் குழாயை வைத்திருந்தார்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் அடக்கமாக ஒடுங்கியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பளபளவென்று வளைந்து நெளியும் நான்கு எஃகுக் குழாய்களை மாட்டினால் புகை தடையில்லாமல் வெளியேறும், வண்டிக்கு ஐந்து குதிரைச் சக்தி கூடும் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது.

"அஞ்சு குதிரைய வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள் மனைவி ஸ்வாதி.

"அம்பத்தூர் சிக்னல்ல பச்சை விழுந்ததும் முதல்ல நான்தான் கிளம்புவேன்."

"கிளம்பி?"

"அடுத்த சிக்னல்ல முதல்ல போய் நிப்பேன்."

இந்தத் தொலைநோக்கை வணங்கிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்று சாயங்காலம் ஒரு சிறு வேலையும் இருந்தது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ஆக்னஸ், ஓய்வுபெற்ற நர்ஸ். காலமாகிவிட்ட தங்கையின் பேத்திக்குப் பூந்தமல்லி கோயிலில் ஞானஸ்நானம். ஆக்னஸ்தான் ஞானத்தாய். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவர். குழந்தைக்கான வெள்ளை உடுப்பையும் அவரே தைத்து வைத்திருந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பஸ் ஏற முடியாது. கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து எந்த டாக்ஸியும் உள்ளே வருவதில்லை. "நான் இருக்கும்போது டாக்ஸி எதுக்கு ஆன்ட்டி? ராணி மாதிரி கொண்டுபோய் இறக்கிடறேன்" என்று ஜெகதீஷ் போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ஆக்னஸ் திடுக்கிட்டார்.

"தம்பி, ஸ்பேனரும் கையுமா நிக்கிறீங்க, வண்டியக் கழட்டப் போறீங்களா?"

"கவலைப்படாதீங்க ஆன்ட்டி. புதுச் சக்தியோட முதல் பயணமே உங்களோடதுதான்."

முறைப்படி ஓர் ஆலோசனைக் கூட்டத்தோடு பணி தொடங்கியது. மூன்றாவது மாடி ராகவனும் சங்கத் தலைவர் ஞானசேகரனும் கலந்துகொண்டார்கள்.

"இதுல ரிஸ்க் என்ன மச்சான்?" என்றான் ராகவன்.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப டிபனுக்குப் போலாம்."

டிபனுக்குப் பிறகு முதல் போல்ட் திரும்ப மறுத்தது. துருப்பிடித்துப் போய், பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. ஜெகதீஷ் ஸ்பேனரோடு காருக்கு அடியில் படுத்தார். ராகவன் செல்போனில் வீடியோ பார்த்து, "இதுல ஈஸியா வருது மச்சான்" என்று ஊக்கம் கொடுத்தான். ஸ்பேனர் நழுவியது. விரல் முட்டித் தோல் உரிந்தது. கடைசியில் பழைய குழாய் ஒரு பெருமூச்சோடு கையில் வந்தது.

புதியதை மாட்டப் போகும்போது ஞானசேகரன் கையை உயர்த்தினார். "பூஜை போடாமலா?"

நான்கு குழாய்களுக்கும் மஞ்சள் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, அப்படியே மாட்டினார்கள். ஜெகதீஷ் சாவியைத் திருப்பினார். பூந்தொட்டி அதிர்ந்தது. புறாக்கள் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமாகக் குடிபெயர்ந்தன. சூடேறிய குழாயில் மஞ்சளும் சந்தனமும் கருகி, வண்டிக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது. ராகவன் மண் வாளியைத் தேடி ஓட, ஞானசேகரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டா அம்மன்" என்றார்.

தனியாக ஒரு சுற்றுப் போய் வந்த ஜெகதீஷின் முகத்தில் ஐந்து குதிரைகளும் தெரிந்தன.

சாயங்காலம் ஆக்னஸ் பட்டுச் சேலையில், வெள்ளை உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ராகவன், முன்னால் ஸ்வாதி. வண்டி முழங்கிக்கொண்டு வாசல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறியது.

'டங்ங்' என்றது.

ராகவன் இறங்கித் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தான். பழைய குழாயைவிடப் புதியது அரை சாண் கீழே தொங்கியது. அந்த ஸ்பீடு பிரேக்கரோ, பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஜெகதீஷே போராடி உயர்த்திக் கட்ட வைத்தது. தலைமைப் பண்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"வெயிட்டக் குறைக்கணும் மச்சான்" என்று சொல்லி, தியாக உணர்வோடு ராகவன் தன்னையே குறைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இடித்தது. ஸ்வாதி இறங்கினாள். அப்போதும் இடித்தது. பிறகு எல்லோரும் ஆக்னஸைப் பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம்."

ஆக்னஸ் கதவைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து இறங்கினார். கார் வெற்றிகரமாகத் தடையைக் கடந்தது. ஆக்னஸும் கடந்தார். மறுபடி ஏறினார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். வீடு கட்டி முடித்தவர்கள் வாசலில் ஒரு ஸ்பீடு பிரேக்கரும் போட்டுவிடுவார்கள். கோலம் அழியும், இது அழியாது. ஒவ்வொன்றிலும் ஆக்னஸ் இறங்கினார், நடந்தார், ஏறினார். ஸ்வாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். உடுப்புப் பையிலிருந்த செல்போன் அடித்தது. குழந்தையின் தாய்.

"பெரியம்மா, ஃபாதர் வந்துட்டாரு. எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்மா" என்ற ஆக்னஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி, நான் வேணா நடந்தே போகட்டுமா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஜெகதீஷ் இறங்கி, அடுத்த ஸ்பீடு பிரேக்கரின் உயரத்தைச் சாணால் அளந்து பார்த்தார். அது குறையவில்லை.

இறைவனின் கருணை பல உருவங்களில் வரும். அன்று தண்ணீர்க் கேன்களை ஏற்றிய 'குட்டியானை' என்ற சிறு சரக்கு வண்டியில் வந்தது. ஓட்டியவர் துலுக்கானம், பாரிவாக்கத்தின் பழைய ஊர்க்காரர்.

"இன்னா நர்சம்மா, காருக்கு முன்னால நடந்துகினு கீறே? சாமி ஊர்கோலமா?"

ஸ்வாதி விஷயத்தைச் சொன்னாள். அவர் கீழே குதித்து, முன் இருக்கையிலிருந்த கேனைப் பின்னால் தள்ளினார். காலிக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் படியாகப் போட்டுப் பிடித்துக்கொண்டார். "மெதுவா காலை வை. ஆடாது, நான் கீறேன்."

ஆக்னஸ் ஏறி உட்கார்ந்தார். ஸ்வாதியும் ஒண்டிக்கொண்டாள்.

"ஏன் சார், வண்டி நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு?" என்றார் துலுக்கானம்.

"பவர் ஏத்தியிருக்கேன்" என்றார் ஜெகதீஷ். குரலில் ஒரு குதிரைகூட இல்லை.

ஆக்னஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "தம்பி, பாத்து வாங்க. உங்களுக்குப் பிரியாணி எடுத்துவைக்கச் சொல்றேன்."

குட்டியானை எல்லாத் தடைகளிலும் குலுங்கி ஏறி, குலுங்கி இறங்கிப் போனது. ஃபாதர் காத்திருந்தார். வெள்ளை உடுப்பில் குழந்தையை ஆக்னஸ்தான் ஏந்திக்கொண்டார்.

வண்டியின் சக்தி கூடிவிட்டது என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. சக்தி என்பது எத்தனை பேரைச் சுமக்கிறோம் என்பதில் இல்லை, எத்தனை பேரை இறக்கிவிட்டு நாம் தடையைத் தாண்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது என்று நிரூபித்த ஜெகதீஷைப் பாராட்டத்தான் வேண்டும். பாவம், அவருக்கு அதற்கு ஒரு ஹெட்டர் தேவைப்பட்டது. நம்மில் பலர் எதையும் மாட்டாமலே அந்த அளவுக்கு முன்னேறிவிட்டோம்.