சீத்தாப்பழமும் உப்பிய கன்னங்களும்

நாகரிகம் என்பது நாலு பேர் பார்க்கும்போது மட்டும் எனக்கு வருகிற வியாதி. (ஆளில்லாத இடத்தில் மாம்பழச் சாறு முழங்கை வரை வழியும்.) அது முற்றிப்போன நாள், கொல்லிமலையின் வாழவந்தி நாட்டுக்கு அம்மாவோடு நான் பெண் பார்க்கப் போன நாள்.

எங்கள் பூர்வீகமும் கொல்லிமலைதான். அப்பா வேலைக்காக மலையிறங்கியதால் நான் நாமக்கல்லில் வளர்ந்தேன். மருந்துக்கடையில் வேலை. சத்து மாத்திரை விற்று விற்று, அரை டாக்டர் என்ற நினைப்பு வேறு.

வாசலில் நாற்காலி போட்டார்கள். பெண்ணின் அப்பா, தோட்டத்துச் சீத்தாப்பழத்தை இரண்டாகப் பிளந்து நீட்டினார். பேசாமல் வாங்கித் தின்றிருக்கலாம்.

"இதுல வைட்டமின் சி இருக்குதுங்க, நார்ச்சத்து இருக்குதுங்க. கொட்டைய மட்டும் முழுங்கவே கூடாதுங்க" என்று விளக்கினேன்.

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. நல்லா இனிக்குமுங்க" என்றார் அவர்.

இனித்தது என்றால் அப்படி ஓர் இனிப்பு! தோலை ஒட்டிய சதை சர்க்கரைபோல நறநறத்தது, உள்ளே வெண்ணெய். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். ஆனால் சுளைக்குச் சுளை கொட்டை. மற்றவர்கள் வாசலில் துப்பினார்கள். மாப்பிள்ளை துப்பலாமா? ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒதுக்கினேன்.

இரண்டு கன்னமும் நிறைந்த நேரத்தில் செல்வி காபியோடு வந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (அவள் பார்த்தது ஒரு குரங்கை.)

"பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?" என்றார் அவள் அப்பா.

"ம்ம்."

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"ம்ம்ம்!" விழுங்கவும் வழியில்லை, கூடாது என்று சொன்னதே நான்தானே.

அவர் முகம் வாடியது. "புடிக்கலீன்னாலும் சொல்லீருங்க. தப்பா நெனைக்க மாட்டமுங்க."

அம்மா என் தொடையில் கிள்ளினார். பெண் கைநழுவிப் போகிறாளே என்ற பதற்றத்தில், "புடிச்..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். கொட்டைகள் சீறிப் பறந்தன. பாதி அவருடைய வெள்ளைச் சட்டையில். ஒன்று காபி டம்ளருக்குள் 'ளொடக்'கென்று விழுந்தது.

திடீரென்று செல்வி தட்டு ஆடச் சிரித்தாள். "ஏனுங்க, இத்தாப்பெரிய வாசல் கெடக்குது. துப்பியிருக்கக் கூடாதுங்களா?"

அவள் அப்பா சட்டையைத் தட்டிவிட்டு, கூடைப் பக்கம் கையை நீட்டினார். "இன்னொன்னு பொளக்கட்டுங்களா?"

அதையும் தின்றேன். இம்முறை வாசலில் எட்டத் துப்பினேன். புறப்படும் முன்பே செல்வி சம்மதம் சொல்லிவிட்டாள்.

ஆயிற்று, பதினோரு வருடம். சண்டையில் நான் உம்மென்று இருந்தால், "வாயில சீத்தாக்கொட்டையா?" என்பாள். சிரித்துத் தொலைத்துவிடுவேன், சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

போன மாதம் மகளின் பள்ளியில் ஆசிரியை என்னிடம், "வீட்டில் இவளுக்கு யார் பாடம் சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்:

"டீச்சர், எங்கப்பா வாயில சீத்தாக்கொட்டை இருக்குதுங்க. அம்மாவக் கேளுங்க."