முதுகு காட்டி நின்ற கமாண்டர் பற்றி ஒரு திருத்தம்

ஞாயிறு இணைப்பின் மதிப்புக்குரிய ஆசிரியருக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அன்பு மாப்பிள்ளைக்கும்,

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு எல்லோரும் நலம் என்று மகள் நேற்றுப் போனில் சொன்னாள். பேத்திக்கு மேல்வரிசையில் இரண்டாவது பல் வந்துவிட்டதாம். வேறு யாரிடமும் விசாரித்து உறுதி செய்துகொள்ள முடியவில்லை என்றாலும், மகிழ்ச்சி.

விஷயம் இதுதான். கமாண்டரைப் பற்றித் திங்கட்கிழமை நான் அனுப்பிய கட்டுரையை அப்படியே அச்சேற்ற வேண்டாம். பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் முடிகிறது என்று தெரியும், இன்று வியாழன்; அதனால் இதை ஆள் மூலம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் மாமனார் சொன்னால் மாப்பிள்ளை “சரிங்க மாமா” என்று வைத்துவிடுவார். கடிதமாக வந்தால்தான் ஆசிரியர் படிப்பார். முப்பத்தேழு ஆண்டுகள் நிருபராக இருந்தவன் நான். நகராட்சி, நீதிமன்றம், இரண்டு வெள்ளம், எண்ணற்ற திறப்பு விழாக்கள் என்று எழுதித் தள்ளியதில் ஒரு வரிக்குக்கூட மறுநாள் திருத்தம் போட வேண்டி வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில் இதைப் பொறித்தே கொடுத்தார்கள். ‘பிழையின்றி’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது; அது என் பொறுப்பல்ல.

எண்பது வயதில் இனி நடிக்கப்போவதில்லை என்று அந்த நடிகர் அறிவித்ததும், பாராட்டுக் கட்டுரை எழுத ஆள் தேடாமல் நீங்கள் நேராக என்னைக் கேட்டது சரியான முடிவு. நூற்று நான்கு பகுதிகள் வந்த அந்த விண்வெளித் தொடரை நான் எட்டு முறை முழுதாகப் பார்த்தவன். அவர் பிறகு போலீஸ் அதிகாரியாக, குதிரை வியாபாரியாக, பற்பசை விளம்பரத்தில் தாத்தாவாக நடித்ததையும் விடாமல் பார்த்தவன். ஆனாலும் எனக்கு அவர் கமாண்டர்தான். அந்த அடங்கிய குரல். கட்டளைக்கு முன் வரும் சிறு இருமல். எல்லாவற்றுக்கும் மேலாக நாற்பத்தொன்றாம் பகுதி: எஞ்சின் நின்றுவிட்டது, பாதிப் பேர் மயங்கிக் கிடக்கிறார்கள், கமாண்டர் நமக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்து நாற்பது விநாடிகள் நிற்கிறார். பிறகு, திரும்பாமலே, “சரி, போகலாம்” என்கிறார். அவ்வளவுதான். ‘இரண்டே சொற்களில் மனித குலத்தின் மொத்தத் துணிவையும் சொன்ன நடிகர்’ என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வரியைப் படித்தால் காது சுடுகிறது.

இந்த இரண்டு சொற்களை நான் வாழ்க்கையிலும் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் அத்தையின் அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் என் முகத்தைப் பார்த்தபோது இதைத்தான் சொன்னேன். மகளை உங்களோடு அனுப்பிய அன்று, கார் கதவருகில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நான் முதுகைத் திருப்பி நின்று இதைத்தான் சொன்னேன். மாமாவுக்கு எவ்வளவு பக்குவம் என்று நீங்கள் பிறகு பாராட்டினீர்கள். அந்தப் பக்குவம் இரவல். யாரிடமிருந்து வாங்கினேன் என்பதுதான் இப்போது சிக்கல்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மஃப்ளர்காரரை உங்களுக்கு நினைவிருக்கும். வெயிலோ மழையோ கழுத்தில் மஃப்ளர், கையில் வெந்நீர் பிளாஸ்க். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். யாரோடும் வாய் திறந்து பேசமாட்டார். எதுவானாலும் லிஃப்ட் கதவில் தாள் ஒட்டுவார். ‘இரண்டாம் மாடித் துண்டிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே நிற்கும் வண்டிகளின் மேல் விழுகிறது.’ இரண்டாம் மாடித் துண்டு என்னுடையது. அவர் எழுத்தில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அடியில் என் பதிலையும் எழுதி அங்கேயே ஒட்டிவிடுவேன். லிஃப்ட் பராமரிப்பைத் தனக்குத் தெரிந்தவருக்கே அவர் கொடுத்தது ஏன் என்று நான் கேட்ட தாள் பதினொரு நாள் கதவில் இருந்தது. இப்படி ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் அவர் குரலை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. ஊமைக் குசும்பு என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் இஸ்திரிக் கடையிலிருந்து சட்டைப் பையோடு லிஃப்டில் ஏறினேன். மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க அவரும் ஏறினார். இரண்டு பேரும் கதவில் இருந்த தாளைப் பார்த்தபடி நின்றோம். முதல் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். விளக்கு போனது, லிஃப்ட் நின்றது. மாப்பிள்ளை, நான் வெள்ளத்தில் படகில் போய்ச் செய்தி சேகரித்தவன்தான். ஆனால் படகுக்குக் கூரை கிடையாது. கதவைப் படபடவென்று தட்டினேன். அப்போதுதான் இருட்டில் ஒரு சிறு இருமல் கேட்டது. அதன் பின்னால்,

“பதறாதீங்க. கதவைத் தொடாதீங்க. காத்து வருது. நான் பேசறேன்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சட்டைப் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நிமிர்ந்து நின்றேன்.

“சார், இன்னொரு தடவை பேசுங்க” என்றேன்.

“எதை?”

“எதையாவது.”

“சார், உங்க பை என் கால் மேல இருக்கு.”

மாப்பிள்ளை, கமாண்டரேதான்.

அவர் அவசரப் பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கரில் லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் கரகரத்தது.

“எத்தனை பேர் உள்ள?”

“ரெண்டு பேர்.”

“சிவப்பு மைக்காரர் இருக்காரா?”

“இருக்கார்.”

“சண்டையா?”

“இன்னும் ஆரம்பிக்கலை.”

“அப்ப அரை மணி நேரம் ஆகும், பொறுங்க.”

அந்த அரை மணி நேரத்தில் நான் எடுத்த பேட்டிதான் என் தொழில் வாழ்க்கையின் சிறந்த பேட்டி. ஒரே குறை, இருட்டில் குறிப்பு எடுக்க முடியவில்லை. தொடர் வேறு மொழியில் எடுத்தது, நம் மொழியில் யாரோ டப்பிங் பேசினார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும்; அந்த யாரோ இவர்தான். குழாயில் தண்ணீர் வருகிறது. குழாயைப் பதித்தவர் யார் என்று யார் கேட்கிறார்கள்? ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேள்வி கேட்டவன், முப்பது வருடமாக இதை மட்டும் கேட்கவில்லை.

“அந்த அடங்கிய குரல் சார், அந்தக் கம்பீரம், அதை எப்படிப் பிடிச்சீங்க?”

“நான் எங்க பிடிச்சேன்? ஸ்டுடியோவுக்குக் கீழ பல் ஆஸ்பத்திரி. நான் முதல் நாள் சத்தமாத்தான் பேசினேன். அங்க யாருக்கோ பல்லைப் பிடுங்கறப்ப நான் ‘தாக்குங்கள்’னு கத்தியிருக்கேன். டாக்டர் மேல வந்து, இன்னொரு தடவை சத்தம் வந்தா உன் பல்லையும் சேர்த்துப் பிடுங்கிடுவேன்னுட்டார். அப்பறம் நூத்தி நாலு பகுதியும் மெதுவாத்தான்.”

“அந்த இருமல்?”

“சுவர் பூரா பழைய கம்பளம் ஒட்டியிருந்தாங்க. தூசி.”

நான் மெதுவாக நாற்பத்தொன்றாம் பகுதிக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது.

“ஓ, ‘சரி, போகலாம்’ங்கறதா? அது வசனமே இல்லையே சார். பேப்பர்ல ஒண்ணும் கிடையாது. அவர் பாட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னுக்கிட்டே இருந்தார். எனக்கு ஒன்றரை மணி பஸ். சவுண்ட் இன்ஜினியர்கிட்ட ‘சரி, போகலாம்’னேன். மைக்கை அணைக்கலை போல. முதுகுதானே, வாய் தெரியாதே. யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அப்படியே போயிடுச்சு.”

நான் லிஃப்டின் சுவரில் சாய்ந்துவிட்டேன். பேச்சை மாற்றத்தான், தொடரின் முடிவில் அவர் பெயர் வருமா என்று கேட்டேன்.

“வரும். கடைசியிலேர்ந்து மூணாவது பேர். ஆனா அது மேல ஏறி வர்றதுக்குள்ள விளம்பரம் போட்டுடுவாங்க. என் வீட்டுக்காரி இதுக்குன்னே வாராவாரம் டி.வி. முன்னாடி உக்காருவா. நூத்தி நாலு வாரம் உக்காந்தா சார். ஒரு நாள் கூடப் பாக்கலை.” இருட்டில் பிளாஸ்கின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. “இப்ப அவ இல்லை.”

இருட்டில் தடவி, சட்டைப் பையை அவர் கால் மேலிருந்து எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. ஸ்பீக்கரில் மெக்கானிக், “சரி, போகலாம்” என்றார், லிஃப்ட் கிளம்பியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அன்று எனக்கு எல்லாக் குரலும் கமாண்டர் குரலாகத்தான் கேட்டது. கீரைக்காரம்மா குரல் உட்பட.

வீட்டுக்கு வந்து, ஒரு சரிபார்ப்புக்காக, தொடரை அதன் சொந்த மொழியில் தேடியெடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை, அந்த மனிதர் கத்துகிறார். கால் கட்டைவிரலைக் கட்டிலில் இடித்துக்கொண்டவர் மாதிரி, நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே கத்தல். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தாள்.

“என்னங்க, இந்த ஆளு பேசறப்ப பேசாதேன்னா முப்பது வருஷமா என் வாயை அடைச்சீங்க?”

“இந்த ஆளு இல்லை, கீழ் வீட்டுக்காரர்.”

“அந்தத் துண்டுத் தகராறு மனுஷனா? போய் முதல்ல துண்டை எடுத்து உள்ள போடுங்க.”

போட்டேன். ஆறு வருடத் தகராறு அத்தோடு முடிந்தது. புதன்கிழமை கட்டுரையைத் திருத்தி எழுதி, உண்மை சரிபார்க்க அவரிடமே கொடுத்தேன். இன்று காலை அதை லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார். சிவப்பு மையில். ஒற்றுப்பிழை பதினான்கு. எண்ணிப் பார்த்தேன், பதினான்கும் சரி. மூன்று மாடிக்காரர்களும் நின்று படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்களிடம் உள்ள திங்கட்கிழமைப் பிரதிக்குத் திருத்தங்கள் வருமாறு. இரண்டாம் பத்தியில் ‘அடக்கம்’ என்று வரும் இடமெல்லாம் கீழ் வீட்டுக்காரருடையது, அதில் பாதி பல் டாக்டருடையது. நான்காம் பத்தியில் ‘கண்களின் கனிவு’ நிற்கட்டும், கண்கள் நடிகருடையவைதான். பற்பசை விளம்பரம் பற்றிய பத்தியைத் தொட வேண்டாம், அதில் அவர் பேசவில்லை. ‘சரி, போகலாம்’ பற்றிய கடைசிப் பத்தி முழுவதும், அதன் புகழும் பெருமையும், கீழ் வீட்டுக்காரருக்கே சேர வேண்டும். படமும் அவருடையதைப் போடுங்கள்; மஃப்ளரோடு எடுத்தது இணைப்பில் இருக்கிறது. அவர் பெயரைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கட்டுரையின் தலையில் போட வேண்டும். காலடியில் போட்டால் அங்கே ஏதாவது விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு மனிதரின் பெயர் முப்பது வருடமாக மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது, மாப்பிள்ளை. இந்த ஞாயிற்றுக்கிழமையாவது வந்து சேரட்டும்.

என் கேடயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

பேத்திக்கு முத்தங்கள், மகளுக்கு ஆசிகள், உங்களுக்கு மாமனாரின் வாழ்த்தும் கட்டுரையாளனின் பணிவும்.

என்றும் உங்கள்
மாமா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் மெக்கானிக், வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்க மஃப்ளர்காரரோடு வந்தார். கட்டுரையைப் படித்துச் சிரித்தார். செயலாளருக்குத் தெரிந்தவர் என்று நான் ஆறு வருடம் முன்பு குற்றம் சாட்டினேனே, எப்படித் தெரியும் என்று அப்போது விசாரித்திருக்க வேண்டும். ஸ்டுடியோவை மூடும்வரை அங்கே சவுண்ட் இன்ஜினியராக இருந்தவரே இவர்தான்.

“சாருக்கு மறந்துபோச்சு. அவர் பஸ்ஸைப் பிடிக்க முன்னாடியே ஓடிட்டார். அந்தாளு நாப்பது செகண்டா முதுகைக் காட்டிட்டு நிக்கறான், எனக்குப் பசி. ‘சரி, போகலாம்’னு நான்தான் ஸ்க்ரீனைப் பாத்துச் சொன்னேன். அது என் குரல்.”

மஃப்ளர்காரர் பிளாஸ்கைக் கீழே வைத்தார். “எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதுல இருமலே இல்லையே” என்றார். என்னிடமிருந்து சிவப்புப் பேனாவை வாங்கி, தனித்தாளில் தன் பெயருக்குக் கீழே மெக்கானிக்கின் பெயரையும் அதே அளவு எழுத்தில் எழுதினார். பிழையில்லாமல் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆகவே கடைசிப் பத்தியை மெக்கானிக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் காட்சியில் நடிகரிடம் இனி மிஞ்சியிருப்பது அந்த நாற்பது விநாடி முதுகு மட்டுமே. அது அவருடையதுதான் என்று உறுதியாக எழுதலாம். முதுகு தெரியும் காட்சிகளுக்கு வேறு ஆள் நிறுத்துவதும் உண்டு என்று மெக்கானிக் ஏதோ ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.