ஸ்விட்சுக்குச் சார்த்திய சாமந்தி மாலை

இந்த வீட்டில் இனி என் மேட்ச் நடுவில் நிற்காது! ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் எடுத்த சபதம் இது.

காரணம், என் மனைவி சுஷ்மாவின் சீரியல்கள். அவள் டிவியில் மாமியார் முறைத்தால் போதும், என் கம்ப்யூட்டரில் பந்து அந்தரத்தில் நின்றுவிடும். இத்தனைக்கும் ஹெப்பாளில் ஒரு கம்பெனிக்கே நெட்வொர்க் பார்ப்பவன் நான். மறுநாள் ஃபைனல். பக்கத்து வீட்டு உமேஷை வேறு வீறாப்பாக அழைத்திருந்தேன்.

ஆகவே ஆபீசில் வைப்பது போன்ற, இன்டர்நெட்டைப் பல ஒயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி ஹாலில் வைத்தேன்.

"என்னங்க இது, இத்தனை ஓட்டை?"

"வி-லேன், சுஷ்மா. ஒரே பெட்டிக்குள்ள தனிக்குடித்தனம். என் கம்ப்யூட்டருக்கு ஒரு ஓட்டை, உன் டிவிக்கு ஒரு ஓட்டை. ஒருத்தர் வழியில ஒருத்தர் வர மாட்டோம்."

"ரௌட்டர்லேர்ந்து எதுக்கு ரெண்டு ஒயர்?"

"ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்."

"நம்ம வீட்டுல நான் தாங்கற மாதிரி."

என் ஓட்டைக்கு ராஜபாட்டை, அவள் ஓட்டைக்குச் சந்து என்று வேகத்தைப் பங்கு போட்டதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. செட்டிங்ஸ் பக்கமும் என் ஓட்டை வழியாகத்தான் திறக்கும்படி பூட்டினேன். இதையெல்லாம் காம்பவுண்ட் சுவரோரம் நின்று உமேஷிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால், ஸ்விட்சுக்குச் சந்தனப் பொட்டு! ஒயரே தெரியாத அளவுக்குச் சாமந்தி மாலை. முன்னால் எலுமிச்சம்பழம்.

"ஒயரையெல்லாம் கழட்டினியா?"

"துடைக்க வேண்டாமா? மறுபடி சொருகிட்டேன்."

மெய்சிலிர்த்தேன். எத்தனை பேர் மனைவி ஸ்விட்சுக்குப் பூஜை போடுவாள்?

சாயங்காலம் உமேஷ் வந்து என் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பௌலர் ஓடி வந்தார். அப்படியே நின்றார். ஹாலில் சீரியலோ கண்ணாடி மாதிரி ஓடியது. செட்டிங்ஸைத் திறந்தேன். திறக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பௌலர் அசையவில்லை. சேர்த்த ஒயர் பிரிந்துவிட்டதா? ராஜபாட்டை எங்கே போனது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நீங்க நெட்வொர்க் எஞ்சினியர்தானே சார்?"

"சும்னே இருங்க, உமேஷ்!" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினேன்.

மனிதர் நைசாக ஹாலுக்கு நழுவிச் சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார். மானம் போகிறதே என்று ஓடிப் போய் மாலைக்குள் கையை விட்டேன்.

"ஐயையோ! பூஜையில வெச்சதைத் தொடாதீங்க! நாளைக்கு விஜயதசமி. புனர்பூஜை ஆனப்புறம்தான் தொடணும்."

"மேட்ச் இன்னிக்குத்தானே, சுஷ்மா!"

"பூஜையும் இன்னிக்குத்தானே!"

உமேஷ் தலையாட்டினார், அவள் பக்கமாக.

விஜயதசமி காலை, புனர்பூஜை முடிந்த கையோடு மாலையைக் கழற்றினேன். என் ஒயர் டிவி ஓட்டையில் இருந்தது. டிவி ஒயர் என் ராஜபாட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது!

"சுஷ்மா, இது..."

"சுவரோரம் அவ்வளவு சத்தமாச் சிரிச்சா அடுப்படிக்குக் கேக்காதாங்க?"

கேட்டிருக்கிறது. போகட்டும், இப்போதாவது மாற்றிச் சொருகலாம் என்று ஒயரைப் பிடித்தேன்.

"கையை எடுங்க. விஜயதசமியில ஆரம்பிச்சதை நிறுத்தக் கூடாது. நல்ல நேரம் பார்த்து இப்பத்தான் சீரியல் போட்டேன்."