சிரிப்புக்கு முறை வைத்த லஸ்கர்

தொலைக்காட்சியைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வாய்க்கால் மாதிரி முறை வைக்கப் பார்த்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே எங்கள் லஸ்கர் ஒருவர்தான்.

ஆற்று மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளுக்கு எங்கள் நன்னிலம் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவர் மனைவியே லஸ்கர் என்றுதான் சொல்லுவார் என்பதால் எங்களுக்கு அது தெரியாமலே போயிற்று. ஷட்டரைத் திருகும் இரும்புச் சாவியை யாராவது எடுத்துப்போய்த் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்து, போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவார். கல்யாணப் பந்தியில் அதற்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

பாலத்தடியில் பாய் கடை. பாய் அதிராம்பட்டினத்துக்காரர். அவர் டீக்கடைக்குப் பக்கத்தில் என் தையல் கடை. சாயங்காலம் பாய் கடை டிவியில் காமெடி நிகழ்ச்சி ஓடும். லஸ்கர் பெஞ்சில் சாவியைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். பூசாரியைக் கிண்டல் செய்கிற காட்சி வந்தால் எல்லோரோடும் சேர்ந்து நன்றாகச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வரும். சாவியை டிவி பக்கம் நீட்டுவார்.

"பாருங்க டெய்லரே, நம்ம வாய்க்கால்லயே வுடுறானுங்க. மத்த ஷட்டரெல்லாம் துருப்புடிச்சுப் போச்சா?"

கிண்டல் செய்தால் மூன்று மதத்தையும் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. திங்கள் பூசாரி, செவ்வாய் பாதிரியார், புதன் ஹஜ்ரத். வியாழக்கிழமை ஆற்றில் தண்ணீர் நிறுத்தம், அன்றைக்கு யாரும் சிரிக்கக் கூடாது. இதைச் சொல்லவே ஒருநாள் டிவியில் ஓடிய நம்பருக்குப் போன் போட்டார். எடுத்த பெண், சார் உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டதாம். பாட்டெல்லாம் வேண்டாம், ஒரு பாதிரியாரைப் போடுங்கள் என்றாராம்.

பாய் டீ ஆற்றிக்கொண்டே பதில் சொல்லுவார்.

"எங்க ஆளு டிவில வந்தா ஒண்ணு பிரியாணி கிண்டுறான், இல்லாட்டி குண்டு வைக்கிறான். ஒங்களுக்காச்சும் சிரிப்பு கெடைக்குது லஸ்கரே."

லஸ்கர் குழம்பிப்போவார். தண்ணீர் போதவில்லை என்று வருகிற சண்டைதான் அவருக்குப் பழக்கம். கிண்டல் அதிகம் பாய்ந்தால் அது தலைமடைக்காரன் லாபமா கடைமடைக்காரன் நஷ்டமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. என்னிடம் நியாயம் கேட்பார். நான் மாதா கோயிலைச் சேர்ந்தவன், நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லாதவன். காஜா எடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் அவர் கேட்ட முறை வந்தேவிட்டது. ஒரே நடிகன், மூன்று வேஷம். அன்றைக்கென்று பாயின் மாமனார் கடைக்கு வந்திருந்தார், ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர்.

முதலில் பூசாரி. தீபாராதனைத் தட்டைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தான். பாய் சிரித்தார். பல்லைக் காட்டவே கூச்சப்படுகிற நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். அடுத்தது பாதிரியார். துக்க வீட்டில் ஜெபத்தை நிறுத்திவிட்டு செல்போனில் பேசினான். கடை சிரித்தது. என் அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டீ கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக, பாதி பிய்ந்து தொங்கும் ஒட்டுத் தாடியோடு வந்தான். பெரியவர் கிளாசைக் கீழே வைத்தார். பாய் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். யாரும் டிவியைப் பார்க்கவில்லை. லஸ்கரைத்தான் பார்த்தோம். அவர் கேட்டு வாங்கிய முறை ஆயிற்றே.

லஸ்கர் எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? முறை முடியட்டுமே" என்றார் பாய், தலையைத் தூக்காமல்.

"போதும் பாய். இது பயிருக்குப் பாயுற தண்ணி இல்ல."

பெரியவருக்கு வேறு டீயை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். சாவியைப் பெஞ்சிலேயே மறந்திருந்தார். அவர் அதை மறந்து அன்றுதான் பார்த்தேன்.

எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். என்ன தைரியம் வந்ததோ, நானாக ஒரு கேள்வி கேட்டேன்: பூசாரி வந்தபோதே ஏன் அணைக்கவில்லை? கேட்கும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது. இவருடைய அப்பா எங்கள் ஊர் அய்யனார் கோயில் பூசாரி. வயதான காலத்தில் தட்டைப் பிடித்தபடியே கண் அசந்துவிடுவார். ஊருக்கே தெரியும்.

லஸ்கர் சாவியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்களும் பாயும் அப்புடி சிரிச்சீங்க டெய்லரே. சிரிக்கிறவங்க மூஞ்சில எப்புடிங்க ஷட்டர எறக்குறது?"

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, பேராவூரணியில் மகள் வீட்டுத் தென்னந்தோப்பில் இருக்கிறார். இங்கே டிவியில் பூசாரி வந்தால் நான் எழுந்து போய் அணைக்கிறேன். கடையில் திட்டு விழுகிறது. பாய் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் லஸ்கர் போன் செய்தபோது இதைச் சொன்னேன்.

"அட போங்க டெய்லரே, நல்லா சிரிச்சிருக்கலாம்ல" என்றார்.

நீங்கள் இல்லாமல் சிரிப்பு வரவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுவைத்தேன்.